மேல்வீட்டுக் காலடிகள்

இரண்டு பத்துக்குத் தொடங்கும்.
சன்னலிலிருந்து கதவுவரை ஏழு அடி,
கதவிலிருந்து சன்னல்வரை ஏழு.
சில நாள் ஏதோ ஒன்று சுவரில் மோதும்.
மறுபடி ஏழு.

ரியேகாவின் செங்குத்துப் படிக்கட்டுத் தெருவில்
எனக்கு நேர் மேலே குடியிருந்தான்
கப்பல் பட்டறைப் பற்றவைப்பாளன் திஹோமிர்.
நானோ மூன்றரைக்கு எழுந்து
ரொட்டி அடுப்பு மூட்டப் போகிறவள்.
துடைப்பக் காம்பால் கூரையை இடித்தேன்.
குடிகாரன் என்று
தபால்காரரிடமும் சொல்லி வைத்தேன்.

நவம்பரில் ஓர் இரவு
புரா காற்று கொடிக்கம்பிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
சண்டை போடத்தான் மேலே போனேன்.
கதவு திறந்தே கிடந்தது.
குளியல் தொட்டியின் விளிம்பில்
நெற்றியை அழுத்தி மண்டியிட்டிருந்தான்.
வலக்கண் மட்டும் அழுதது.
இடக்கண் என்னைப் பார்த்து
மன்னிப்புக் கேட்டது.

ஓர் இமை சரிந்து, ஒரு நாசி ஒழுகி,
பாதி முகம்
வேறு யாருடையதோ போலிருந்தது.
தலைவலி, என்றான்.
வெள்ளத்தை ஈரம் என்று சொல்வதுபோல.

தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.
எனக்கு அது கூரை வழியாக வந்தது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் நின்றது.
எழுந்து முகம் கழுவிவிட்டு
காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டான்.
எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இதற்காகவே இரண்டு கடைவாய்ப் பற்களைப்
பிடுங்கிக்கொண்டிருந்தான்.
சைனஸ் என்றார் ஒருவர், மனசு என்றார் இன்னொருவர்.
ஒன்பது குளிர்காலம்.

நரம்பு மருத்துவர் யாசென்கா
ஸ்கேனை உறையிலிருந்து எடுக்கும் முன்
ஒன்று கேட்டார்:
வலிக்கும்போது படுப்பீர்களா, நடப்பீர்களா?
அவன் வாய் திறக்கவில்லை.
கூடப் போயிருந்த நான் சொன்னேன்:
ஏழு அடி. இரண்டு பத்துக்கு.
என் விடுமுறை நாளில் பார்த்தால்
ஐந்து மணிக்கு இன்னொரு தடவை.
என் தூக்கம் கெட்ட கணக்கெல்லாம்
அவர் காகிதத்தில் மருத்துவமாயிற்று.

கொத்துத் தலைவலி என்று பெயர் வைத்தார்.
வாரக்கணக்கில் கொத்தாக வரும்,
பிறகு சொல்லாமல் போய்விடும்.
மூளையின் அடியில் பாதாம் பருப்பளவு ஒரு கடிகாரம்,
உறக்கத்தையும் பருவத்தையும் எண்ணுவது,
அதற்கும் இதற்கும் ஏதோ தொடர்பு.
முழுதும் தெரியாது, என்றார்.
தெரியாது என்று ஒரு மருத்துவர் சொல்லி
அன்றுதான் அவன் சிரித்தான்.

வைத்தியம், ஆக்சிஜன்.
பகலெல்லாம் இரும்பை அறுக்க
அவன் திறந்துவிடும் அதே காற்று.
பட்டறைச் சிலிண்டரைத் தூக்கி வரவா, என்றான்.
கூடவே கூடாது, அது வேறு, இது வேறு.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர்,
பை தொங்கும் முகமூடி கசியாமல் பொருந்தி,
நிமிர்ந்து உட்கார்ந்து கால்மணி நேரம்.
அதற்கும் அடங்காத இரவுக்குத் தொடையில் ஊசி.
கொத்து ஓயும்வரை தினம் வெரபமில்,
மாத்திரையை நம்பி இதயத்தை மறக்காமலிருக்க
அவ்வப்போது ஈசிஜி.
அந்த மாதங்களில் ஒரு வாய் ஒயின்கூட ஆகாது.
அறையில் சிகரெட் ஆகவே ஆகாது.
இதை என்னைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது இரண்டு பத்துக்குக்
கட்டில் ஒருமுறை முனகும்.
திருகு திறக்கும்.
பிறகு நீளமாய் ஓர் உஸ்ஸ்,
குழந்தையை அதட்டாமல் அமர்த்தும் சத்தம்.
சில இரவு அது போதாது.
நான்கு, ஐந்து என்று எண்ணுவேன்.
ஏழுவரை போகும் இரவுகளும் உண்டு.

மார்ச்சில் ஒரு நாள் சத்தமே இல்லை.
மறுநாளும் இல்லை.
பழக்கத்தில் நான் மட்டும் விழித்துக் கிடந்தேன்.
மூலையில் துடைப்பம்.
காம்பின் நுனியில் இன்னும்
கூரைச் சுண்ணாம்பு.