அரை மணி நேரக் கதவு

முப்பது நிமிடம்தான் என்கிறான் ஃபிர்தவுஸ்.
எடையைக் கீழே வைத்ததும்
தசையில் ஒரு கதவு திறக்குமாம்,
அரை மணியில் சாத்திக்கொள்ளுமாம்.
எங்கள் புளோக் லிஃப்ட் கதவுகூடக்
கையை நீட்டினால் மறுபடி திறக்கும் தம்பி,
என் தொடை அவ்வளவு கறாரா என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. இருபத்து மூன்று வயது.
சிரித்தால் ஏதாவது கரைந்துவிடும்
என்று நினைக்கிற வயது.

யீஷூன் உடற்பயிற்சிக்கூடம், மாலை ஆறே முக்கால்.
நாற்பத்து நான்கில்
முப்பத்தைந்து கிலோவைத் தரையிலிருந்து எடுத்தேன்.
நிமிர்ந்தபோது முழங்கால் ஏதோ சொன்னது.
கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லவில்லை.

பையில் குலுக்கும் குப்பி,
உள்ளே ஒரு கம்பிப் பந்து.
சாக்லேட் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது.
சாக்லேட்டைத் தின்ற யாரோ
தொலைபேசியில் விவரித்ததுபோல் ஒரு ருசி.
டப்பா எண்பத்தொன்பது வெள்ளி.
கரண்டி எப்போதும் அடியில் புதைந்திருக்கும்.
முழங்கைவரை பழுப்பு மாவு அப்பிய கையோடு
அடுப்படியில் நிற்கும்போதுதான்
அந்தக் கேள்வி வரும்:
இது வேணுமா?

புரதம் எனக்குப் புதிதில்லை.
பகலெல்லாம் அதைத்தான் எண்ணுகிறேன்,
பிறருக்காக.
அங் மோ கியோ ரத்தச் சுத்திகரிப்பு நிலையம்,
பன்னிரண்டு நாற்காலிகள்,
நாளுக்கு மூன்று முறை நிரம்பும்.
ஊசி ஏறும்வரை குறை, குறை என்போம்.
ஏறிய மறுவாரமே கூட்டு, கூட்டு என்போம்.
அழுக்கைக் கழுவும் இயந்திரம்
கொஞ்சம் நல்லதையும் இழுத்துப் போய்விடும்.
யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடாத வேலை.

ஏழாம் நாற்காலி மேடம் புவா
அவித்த முட்டை நான்கு கொண்டுவருவார்.
வெள்ளை மட்டும் தின்பார்.
மஞ்சள் நான்கும் டப்பா மூடியில் ஏறி
வெளியே காத்திருக்கும் கணவருக்குப் போகும்.
அவருக்குக் கொலஸ்ட்ரால்.
பறவைக்குத் தீனி போட்டால் அபராதம்
என்ற பலகைக்குக் கீழேயே
அவர் அதை மைனாக்களுக்கு உதிர்ப்பது
எனக்கும் மைனாக்களுக்கும் மட்டும் தெரியும்.
அந்த மைனாக்களைப் பார்க்கவேண்டும்!
நெஞ்சை நிமிர்த்தி
படி படியாய்த் தாவி,
எந்த டப்பாவும் வாங்காமல்.

நேற்று மேடம் புவா
ஊசி குத்தவந்த என் கையைப் பிடித்துப் பார்த்தார்.
"கெட்டியாயிட்டியே சிஸ்டர், என்ன சாப்பிடுறே?"
மாவைச் சொல்லவில்லை.
அவர் கையில், என் விரலுக்கடியில்,
அறுத்து இணைத்த ரத்தக்குழாய்
பூனைபோல் உறுமிக்கொண்டிருந்தது.
அந்தக் கைக்கும் பயிற்சி உண்டு.
ரப்பர் பந்தை அழுத்து, விடு, அழுத்து, விடு,
குழாய் தடிக்கும்வரை, வாரக்கணக்கில்.
அது முடிந்து குடிக்க அவருக்குத்
தண்ணீர்கூட அளந்துதான்.

ஏழு ஐந்து.
ஃபிர்தவுஸ் கணக்கில் இன்னும் பத்து நிமிடம்.
காப்பிக்கடையில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை,
கருஞ்சோயா நாலு சொட்டு, வெள்ளை மிளகுத்தூள்.
பன்னிரண்டு கிராம் என்கிறது வாய், தன்னால்.
வாயை மூட
தட்டைத் தூக்கி உறிஞ்சுகிறேன்,
மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாக.
வியாழன் காலையில் பயிற்சி முடிந்து
ஓட்டமாய் வேலைக்குப் போகிற அன்று
இதற்கு நேரமிருக்காது.
அன்று மாவுதான். வெட்கமில்லை,
எண்பத்தொன்பது வெள்ளி,
மார்ச்சுக்குள் தீர்க்கவேண்டும்.

கதவு சாத்தியதா தெரியவில்லை.
வலி நாளைக்கு வரும்,
நாளன்றைக்கு அதன் அக்காள் வருவாள்.
பேருந்து வளைவில் திரும்ப
பைக்குள் காலிக் குப்பியில் பந்து கிணுங்கியது.
முன் இருக்கைத் தோளிலிருந்து ஒரு குழந்தை
தலை நிமிர்த்திப் பார்த்தது,
தன் சாமான் என்று நினைத்து.

இன்னொரு முறை குலுக்கினேன்.