நான்காம் கூண்டுக்குத் தண்ணீர்

கலபாரில் மழை கூலி கேட்காத வேலைக்காரன்,
ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்பான்.
நானும் வருவேன். எலிகளுக்குக் கிழமை கிடையாது.

இருபத்துநான்கு எலிகள், நான்கு கூண்டுகள்.
வாலில் இழுத்த மைக்கோடுதான் பேர்.
திங்களன்று ஊசி போட்டு
அவற்றின் ரத்தத்தை நாங்களே உடைத்தோம்.
புதனுக்குள் காது வெளுத்து
சிவந்த கண்கள் சாயம்போன துணியாயின.

இலை, வாட் சந்தையில் வாங்கியது:
இகோங் உபோங்,
பூசணிக்குத் தூரத்து உறவான கொடி.
"பிள்ளை பெற்றவளுக்கா, மலேரியாவுக்கா?" என்றாள் அரித்.
"எலிக்கு."
"அப்படியானால் பேரம் கிடையாது."

நிழலில் உலர்த்தி, இடித்து, ஊறவைத்து, வடித்த சாறு
முதல் கூண்டுக்குக் கொஞ்சம்.
இரண்டாவதுக்கு அதில் இரு மடங்கு.
மூன்றாவதுக்குக் கடையில் விற்கும் இரும்பு மருந்து.
நான்காவதுக்குத் தண்ணீர்.
தண்ணீரையும் அதே குழாயில், அதே அளவு, அதே மணிக்குத்
தொண்டைக்குள் இறக்க வேண்டும்,
இல்லையென்றால் கணக்கு நிற்காது.

வால்நுனியில் ஒரு துளி,
மயிரிழைக் கண்ணாடிக் குழாய்,
ஐந்து நிமிடச் சுழற்சி.
மூன்றாம் நிமிடத்தில் கரண்ட் போகும்; மறுபடி முதலிலிருந்து.
சிவப்பு அடியில் தங்கும், தெளிமஞ்சள் மேலே.
சிவப்பின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்று
எழுதிக்கொண்டே போவேன்:
பத்தொன்பது. இருபத்திரண்டு. இருபத்தேழு.

அந்த வாரம்தான் இக்வோ பிள்ளை பெற்றாள்.
விரிப்பு நனைந்தது, மெத்தை நனைந்தது,
தாதியின் செருப்பு வழுக்கியது.
அவள் துளியும் ஏதோ ஒரு குழாயில் சுழன்றது.
"பதினேழு" என்றாள் ஒரு பெண்,
பேருந்து எண் சொல்வதுபோல.

எனக்குப் பதினேழைத் தெரியும்.
பதினேழில் எலி மூலையில் சுருளும்,
மயிர் சிலிர்த்து,
தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

என்னிடம் ஒரு பை எடுத்தார்கள்,
அவள் தம்பி எசியனிடம் ஒரு பை.
மாத்திரை எழுதினார்கள்.
எப்படியோ கேள்விப்பட்ட அரித்
காசு வாங்காமல் ஒரு கட்டு கொடுத்தனுப்பினாள்;
பச்சையாய்ப் பிழிந்து
டின் பால் கலந்து கொடுத்தேன்.
முகம் சுளித்துக் குடித்தாள்.
உதட்டுக்கு மேலே பச்சை மீசை.

மூன்றாம் வாரம் முப்பத்துநான்கு.

எது ஏற்றியது?
என் ரத்தமா, மாத்திரையா, அரித்தின் கட்டா,
இல்லை, சும்மா கடந்துபோன நாட்களா?
என் வீட்டில் நான்காம் கூண்டு இல்லை.
இருந்திருந்தால்
யாரை அதில் வைத்திருப்பேன்?

ஆய்வுக்கூடத்தில் இருபத்தோராம் நாள்:
இலை நாற்பத்திரண்டு, தண்ணீர் முப்பத்தெட்டு.
"பொருட்படுத்தத் தக்க வித்தியாசம்" என்று
டாக்டர் உசோரோ அந்த நான்கைச் சுற்றி வட்டம் போட்டார்.
பொய்யில்லை. கையெழுத்தும் போட்டேன்.
ஆனாலும் என் கண் முப்பத்தெட்டிலேயே நின்றது.
யாரும் எதுவும் தராமல்
இருட்டில், எலும்புக்குள் உட்கார்ந்து
தானே வடித்துக்கொண்ட சிவப்பு.

நெறிமுறைப்படி அன்று மாலை
எல்லாக் கூண்டும் காலி.
கல்லீரல் பார்க்க வேண்டுமாம், மண்ணீரல் எடை போட வேண்டுமாம்.
நான்காம் கூண்டையும் கழுவிக் கவிழ்த்தேன்.

மறுநாள் சந்தையில் அரித் கேட்டாள்:
"வீட்டில் எப்படி?"
"எழுந்து நடக்கிறாள்."
"எலிகள்?"
"தேறிவிட்டன" என்றேன்.
முந்தின நாள் மதியம்வரை அது உண்மை.

கட்டை எடை போட்டுக் காசை வாங்கிக்கொண்டு
கொசுறாக இரண்டு கொடி சேர்த்து வைத்தாள்,
எலிகளுக்காம்.