ஐம்பதாம் மாடி

டர்பனிலிருந்து ஆறு மணி நேரம்.
ஜோகன்னஸ்பர்க்கில் ஆடி மாதம்
பல் கிட்டும் என்று யாரும் சொல்லவில்லை.
இல்லை, சொன்னார்கள்;
நாங்கள்தான் கேட்கவில்லை.

லிஃப்டில் காது அடைத்தது.
தேவநாயகியின் மகன்
கண்ணாடியில் மூக்கை அழுத்தி
"கடல் எந்தப் பக்கம்?" என்றான்.
நோம்சாவுக்குச் சிரிப்பு:
"கடலா! தங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேடு
மஞ்சளாய் அதோ, அதைப் பார்."

பூபாலன் மட்டும் மேலே வரவில்லை.
கார் களவு போய்விடுமாம்;
கம்பளியைப் போர்த்திக்கொண்டு
உள்ளேயே காவல்.
போனில் கத்தினான்:
"தெரியுது, தெரியுது, கை காட்டுங்க!"
ஏழு பேரும் காட்டினோம்
ஆரஞ்சு உரித்த பிசுபிசுப்போடு.

இறங்கி வந்தபின் தெரிந்தது
அவன் பார்த்தது வேறு கட்டடம்.
அங்கேயும் யாரோ
கை அசைத்தார்களாம்,
ரொம்ப நேரம்.