எதிர்க்குறிப்பு

வாளையார் எடைமேடையில்
சிமெண்டு லாரிக்கும் கோழி லாரிக்கும் நடுவே
என் ஸ்கூட்டர்.
பின்பெட்டியில் ஈரப்பாசி இட்ட டப்பாக்கள் ஆறு,
மூடிகளில் ஊசித்துளை.
"எந்தா இதில்?"
"தவளை."
"தின்னவா?"
"கேட்க."

வனத்துறைக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்
அபுதாகிர் ராவுத்தர்.
படிவத்தைத் தள்ளினார். பொருள், அளவு, மதிப்பு.
அளவு: கட்டைவிரல் நகம்.
மதிப்பைக் காலியாக விட்டால்
கம்ப்யூட்டர் ஏற்காதாம்.
ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டோம், தவளைக்கு.

வடக்கே சிறுவாணிச் சரிவில் அது மூன்று முறை தட்டும்,
தீப்பெட்டியை நகத்தால் தட்டுவது போல.
தெற்கே நெல்லியாம்பதியில் நான்கு முறை.
நடுவே மலை விட்டுப்போன இருபது மைல்:
வெயில், பனை, காற்று, ரயில்.
ஈரத்தோல் கொண்ட எதுவும் உலராமல் கடக்காத வெளி.
ஒரே வயிற்றுக் கூட்டம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
நின்றுபோய்
எத்தனையோ லட்சம் மழைக்காலம்
தன் பெண்ணுக்கு மட்டும் புரியும்படி கூவிக் கூவி
வேறாகிப் போனது.
இதுதான் என் ஆய்வேடு. இருநூற்றுப் பதினோரு பக்கம்.
அழகான எண்ணம்.
ஆபத்தும் அதுதான்.

கப்பலில் ஐந்தாண்டு குமட்டியபடி உலகைச் சுற்றியவர் ஒருவர்,
வீடு திரும்பி
எட்டு வருடம் கொட்டலசுகளை அறுத்துப் பார்த்தார்,
புறா வளர்ப்பவர்களோடு சாராயக்கடையில் உட்கார்ந்தார்.
உயிரினம் என்பது வார்த்து முடித்த அச்சு அல்ல,
அரித்துக்கொண்டே இருக்கும் ஆற்றங்கரை என்று
அவர் காட்டியதை உலகம் பிடித்துக்கொண்டது.
நான் பிடித்துக்கொண்டது சிறியது.
தன் எண்ணத்துக்கு ஒவ்வாத எதைக் கண்டாலும்
அந்த நிமிடமே குறித்துவைப்பாராம்.
ஒவ்வுவதை மனசு தானாகவே மடியில் கட்டிக்கொள்ளும்,
ஒவ்வாதது நழுவிவிடும்.
குரங்கைப் பங்காளி ஆக்கியதைவிட
இது எனக்குப் பெரிய அவமானம்;
அப்புறம், பெரிய விடுதலை.

அதைப் படித்த வருடம் பொள்ளாச்சியில்
சிவப்பு அட்டை நோட்டு ஒன்று வாங்கினேன்.

டப்பாவுக்குள் ஒன்று தட்டியது.
மூன்று.
ராவுத்தர் தலையைச் சாய்த்தார்.
"இதா? மேடைக்குப் பின்னாடி தண்ணி நிக்கிற குழியில் உண்டே.
சில ராத்திரி மூணு விளிக்கும், சில ராத்திரி நாலு.
மழை போலே."
மலையாளத்தில் ஏறித் தமிழில் இறங்குகிற வாக்கியம்.
எந்த இடத்தில் மாறினார் என்று கேட்டால்
அவருக்கே தெரியாது.

"அது வேற தவளையா இருக்கும்" என்றேன்.
சொன்ன கையோடு வண்டியைக் கிளப்பினேன்.

அன்று சாயங்காலம் மறந்துபோனேன்.
மறுநாள் மறந்துபோனேன்.
மூன்றாம் நாள் அரிசி களையும்போது தெரிந்தது:
மறக்கவில்லை,
மறந்துகொண்டிருக்கிறேன்.

ஈரக் கையோடு சிவப்பு நோட்டில் எழுதினேன்.
வாளையார், எடைமேடைப் பின்புறம். ஜூன் பதினாலு.
சொன்னவர் அபுதாகிர் ராவுத்தர்.
மூன்றும், நான்கும்.
எழுதிய தேதி ஜூன் பதினேழு.
இடையிலிருந்த மூன்று நாளும் என் பொய்.

இன்றிரவு குழியோரம் எனக்கொரு
பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்.
கொசுவர்த்தியும் அவருடையதே.
லாரி மேடையேறும்போதெல்லாம் மண் அதிர்கிறது,
குழி வாயடைத்துக்கொள்கிறது.
இறங்கிய பிறகு வெகுநேரம் கழித்து
ஒன்று.
இரண்டு.
மூன்று.

பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.

அடுத்த லாரி ஏறுகிறது.