லோடு என்ன?

வாளையாறு எடைமேடையில்
வெங்காய லாரிக்கும் சிமென்ட் லாரிக்கும் நடுவே
ஒரு ஹெரால்ட்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தயங்கி நின்றன:
எண்ணூற்றுப் பத்து.

இஞ்சினைக் கழற்றியபின்
தள்ளிக்கொண்டே போனோம், அதே மேடைக்கு.
நூற்று எழுபது குறைந்திருந்தது.
சிக்கந்தர் ராவுத்தர் அந்தச் சீட்டை
மருந்துச் சீட்டுபோல் மடித்துப் பையில் வைத்தார்.
"இவ்வளவுதான் நமக்கு இடம், சௌடாம்பிகா.
இதுக்குள்ள கரண்ட்டக் கட்டு."

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள்.
வேலந்தாவளத்தில் என் கடைக்கு வருவதெல்லாம்
கிணற்றில் மூழ்கிய பம்பு, புகைந்த கிரைண்டர்,
எண்ணெய் மில்லின் பத்துக் குதிரைசக்தி.
ஓட வேண்டுமென்று எதுவும் வந்ததில்லை.
நின்ற இடத்தில் சுற்றினால் போதும் அவற்றுக்கு.

கஞ்சிக்கோட்டில் ஏலம் போன ஆலையிலிருந்து
ஃபோர்க்லிஃப்ட் மோட்டார் ஒன்று.
கார்பன் தூசியைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுத்தேன்,
மூன்று நாள் கறுப்பாகத் தும்மினேன்.
செல்கள், கவிழ்ந்த மின்பேருந்து ஒன்றின் மிச்சம்.
ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்து
நல்லது, பரவாயில்லை, நம்பாதே என்று
மூன்று தக்காளிப் பெட்டிகளில் பிரித்தோம்.
மூன்றாவது பெட்டிதான் முதலில் நிரம்பியது.

ஹெரால்டின் முகம் முழுசாக முன்னால் கவிழும்.
அந்த வயிற்றுக்குள் தலையைவிட்டு
நானும் இந்துசூடனும்
செம்புப் பட்டை வளைத்தோம், நாற்பது இரவு.
அவன் மலையாளத்தில் திட்டுவான், நான் தமிழில்.
எங்கள் வீட்டுக் கன்னடத்தை எடுக்கும் அளவுக்கு
எதுவும் கெட்டுவிடவில்லை,
முதல் ஓட்டம் வரை.

பெடலைத் தொட்டேன்.
இஞ்சின் என்றால் மூச்சுப் பிடிக்க நேரம் கேட்கும்.
இது கேட்கவில்லை.
நிற்கும்போதே அத்தனை முறுக்கும் அதன் கையில்.
ணங்.
வலப்பக்க ஆக்சில்
கரும்பு ஒடிகிற மாதிரி ஒடிந்தது.
பதினோரு அங்குலம் ஓடியிருந்தோம்.
இந்துசூடன் டேப் வைத்து அளந்தான், படுபாவி.

புதுத் தண்டு கோயமுத்தூரில் கடைந்து வர
ஆனி பிறந்துவிட்டது.

பைபாஸ் வந்தபின் ஆளற்ற பழைய சாலை.
நானூற்று இரண்டு மீட்டர்.
கிளம்பும் கோடு தமிழ்நாட்டில்,
முடியும் கோடு கேரளத்தில்,
எதிரே கணவாய்க் காற்று
யாருக்கும் பர்மிட் கேட்காமல் வந்துகொண்டிருந்தது.
பக்கத்தில் பிஜோயின் கான்டெஸா
தரையை உதைத்துப் புகைவிட்டது.

கொடி இறங்கியது.
எங்களுடையதில் காண்டாக்டர் விழும் ஒரு டக்.
அவ்வளவுதான்.
முதுகை யாரோ சீட்டில் அறைந்தார்கள்.
பனைகள் பின்னால் போவதைப் பார்த்துத்தான்
போகிறோம் என்று நம்பினேன்.
கான்டெஸாவின் உறுமல்
முதலில் காதருகே, பிறகு தோளருகே,
பிறகு வேறு யாருடைய கவலையோ போல.

முடிவுக் கோட்டில் நின்ற பையன்
சத்தம் வந்த வண்டிக்குத்தான் கடிகாரத்தை அமுக்கினான்.
அமுக்கிவிட்டுத் திரும்பி
என்னைக் கேட்டான்:
"அக்கா, அந்தக் கரண்டு வண்டி கெளம்பிருச்சுங்களா?"
நான் அவன் முதுகுக்குப் பின்னால்
பானட்டைக் கவிழ்த்து
எங்கே கருகுகிறது என்று மோந்துகொண்டிருந்தேன்.

மறு ஓட்டத்துக்கு மோட்டார் இல்லை.
பிரஷ்கள் தீய்ந்து, கம்யூட்டேட்டர் நீலம் பாரித்து,
தொட்ட விரல் கொப்பளித்தது.
எண் இல்லாத வெற்றியை பிஜோய் ஒப்பவில்லை.
நானாக இருந்தாலும் ஒப்பியிருக்க மாட்டேன்.
வீட்டுக் கன்னடம் அப்போதுதான் வந்தது,
நன்றாகவே வந்தது.

இரவு, மினி லாரியில் ஏற்றித் திரும்புகையில்
சோதனைச்சாவடியில் டார்ச் அடித்தார்கள்.
"லோடு என்ன?"
ராவுத்தர் என்னைப் பார்த்தார்.
"ஓடினா அறுநூறு ஆம்பியர் சார்.
இப்ப ஒண்ணுமில்லை."
டார்ச் என் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.
"எடை போட்டு வா."

எங்களுக்கு முன்னால் பதினேழு லாரி.
ராவுத்தரின் பையிலிருந்து
அந்தப் பழைய சீட்டை வாங்கி
பின்புறம் திருப்பினேன்.
பேனா யாரிடமும் இல்லை.
இந்துசூடன் இறங்கிப்போய்
வெங்காய லாரிக்காரனிடம் கேட்டு வாங்கி வந்தான்.
பதினெட்டாம் கேஜ், இரட்டை இழை,
ஒரு பள்ளத்துக்கு ஏழு சுற்று என்று எழுதி
ஏழை அடித்து
ஆறு என்று போட்டேன்.