தற்காலிகம்

மினிட் புத்தகத்தில் அந்தச் சொல் என் கையெழுத்து.
2017 டிசம்பர், இரண்டாம் ஞாயிறு,
ஆராதனை முடிந்து அவசரக் கூட்டம்.
பத்து நாளாகக் கரண்ட் இல்லை.
ஒகி முறித்த ரப்பர் மரங்கள்
சபை மதிலில் சாய்ந்தே கிடந்தன,
முறிந்த இடத்தில் பால் உறைந்து.

"நமக்க பாடே பெரும்பாடு" என்றார் ராஜரெத்தினம்.
நூற்றிப்பத்து மரம் போயிருந்தது அவருக்கு.
"நீரோடியில ஆளே போச்சு"
என்றாள் செல்லக்கனி.
அதன்பிறகு யாரும் மரத்தை எண்ணவில்லை.

தீர்மானம் நான்கு:
பெண்கள் சங்கத்துப் பிடியரிசி
தற்காலிகமாக
நீரோடியில் பதினோரு வீடுகளுக்கு.

உலையில் அரிசி இடும் முன்
ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார்கள்.
அளவு, அவரவர் கைதான்.
செல்லக்கனி மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள்,
பெரிய கை.
மற்றவர் பானை பாதியில் நிற்க
அவள் பானை கழுத்தைத் தொடும்.

முதல் மாதம் டெம்போவோடு போனோம்.
மாதா படத்துக்குக் கீழே எரிந்த மெழுகுதிரியை விட்டு
எழுந்து வந்தாள் தஸ்நேவிஸ் மேரி.
"அரிசி ஆரு கேட்டா?
ஆளு எங்கேன்னு கேட்டுச் சொல்லுங்க."
போதகர் ஜெபிக்கக் கண் மூடினார்.
அவள் மூடவில்லை,
கடலைப் பார்த்தபடி நின்றாள்.
மூட்டையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.
களியக்காவிளை தாண்டும்வரை
டெம்போவில் பேச்சில்லை.

அடுத்த மாதம் அரிசியோடு
ஞானசிகாமணியும் வந்தார்,
ஓய்வுபெற்ற கிராம அலுவலர்,
சட்டைப்பையில் கார்பன் தாள்.
மனுவில் ஒரு கட்டம்:
இறந்தவர் / காணாமற்போனவர்.
பொருந்தாததை அடிக்கவும்.
அவர் பேனாவை வைத்த இடத்தில்
அவள் கையை வைத்தாள்.
இரண்டையும் அடிக்காமல்தான் போனது அந்த மனு.
இரண்டு முறை திரும்பி வந்தது.
பதினேழு முறை அவளோடு
நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் காத்திருந்தார்.
சபைக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே
பயணப்படி ஒரு ரூபாய்கூட இல்லை.

பிறகு கொரோனா வந்தது. கோயில் பூட்டினோம்,
பானைகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக இருந்தன.
இருபத்தொன்றில் எங்கள் வயலிலும் வெள்ளம்.
அந்த மாதம் ரேஷன் அரிசியில் ஒரு பிடி.
எப்படியோ
செல்லக்கனியின் பானை தஸ்நேவிஸ் வீட்டுக்கு
என்றாகிவிட்டது.
அதற்குத் தீர்மானம் ஏதும் இல்லை.

போன வருடம் தணிக்கைக்கு வந்த பையன்
அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டான்.
"தற்காலிகம்னா எது வரைக்கும், ஐயா?"
கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு,
கணக்கு முடிய வேண்டும், அவ்வளவுதான்.
கமிட்டி கூடியது.
நிரந்தரமாக என்று திருத்தலாம்,
முன்மொழிந்தது ராஜரெத்தினமேதான்.
செல்லக்கனி மறுத்தாள்:
"நிரந்தரம்னு எழுதிப்போட்டா
பானை தானா நிறையும்னு தோணிப்போவும்.
அது அப்படியே கெடக்கட்டு."
சிவப்பு வட்டத்தோடே கிடக்கிறது.

இந்த மாதம் நீரோடியில்
மூட்டையை இறக்கிக்கொடுத்தேன்.
தஸ்நேவிஸ் இடுப்பில் வாங்கினாள்,
உள்ளே போகவில்லை.
இன்னொரு முறை தூக்கிப் பார்த்தாள்.

"கொறவா இருக்கே.
அந்தப் பெரிய கைக்காரிக்கு என்ன?"

நான் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.
மார்த்தாண்டம் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி,
வலது பக்கம் விழுந்துவிட்டது,
மகள்தான் அவள் பானைக்கு அள்ளுகிறாள்,
சின்னக் கை.

அரிசியை உள்ளே வைத்தாள்.
கதவைப் பூட்டினாள்.
பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து
சாளை நாலு வாங்கி
வாழையிலையில் பொதிந்துகொண்டாள்.

டெம்போ திரும்பும்போது
முன்சீட்டில் அவள் இருந்தாள்.
"வேகமாப் போ மக்களே" என்றாள் டிரைவரிடம்.