ஏலக் குறிப்பு, தளி

துரை பங்களாவின் சுற்றுச்சுவர், கம்பிவேலி, கதவு
எல்லாவற்றையும் ஏலத்துக்குக் கணக்கெடுக்கச் சொல்லி
ஓசூரிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.
ஒரு டேப், ஒரு நோட்டு, இரண்டு பேனா.

பூட்டு மட்டும் புதிது.
இரண்டு கல்தூணுக்கு நடுவே கதவு அப்படியே நிற்கிறது.
இடப்பக்கம் சுவர் இல்லை.
வலப்பக்கமும் இல்லை.
போன ராகி அறுப்பில் வந்த யானைகள்
தள்ளிவிட்டுப் போனதாக வனத்துறைக் காகிதம்.
கதவை அவை தொடவில்லை,
பூட்டிய வீட்டைத் தட்டக்கூடாதென்று
யாரோ சொல்லி வளர்த்த மாதிரி.

சாவி தேன்கனிக்கோட்டை ஆபீசில்.
தக்காளிக் கிரேட்டோடு கௌரம்மா
கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறாள்,
சுற்றிக்கொண்டு வெளியே வருகிறாள்.
நான் சாவிக்காகக் காத்திருந்தேன்,
முக்கால் மணி நேரம்.
சொன்னால் சிரிப்பீர்கள்.

மேற்கே மிஞ்சிய சுவரின் தலையில்
பாட்டில் சில்லு இன்னும் பச்சையாய் மினுங்குகிறது.
குடித்தவன் கப்பலேறிவிட்டான்,
குத்துவதற்கு ஆள் வைத்துவிட்டு.

ஈட்டிமுனைக் கம்பிகள்
பழைய பதிவேட்டில் இருநூற்றுப் பதினாறு.
நான் எண்ணியபோது நூற்றுத் தொண்ணூற்றேழு.
திரும்ப எண்ணினேன், நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
ஒன்றில் லகுமய்யா வீட்டு டிஷ் உட்கார்ந்திருக்கிறது.
இரண்டு, காற்றடிக்கும்போது
ரோஜாக் கொட்டகையின் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்கின்றன.
இன்னொன்றைச் சுற்றி
ஒரு கன்று நடந்து நடந்து புல் செத்த வட்டம்.

ஏரிக்கரை முனீஸ்வரன் முன்னால்
நட்டிருந்த வேல்களில் மூன்று
ஒரே அச்சில் வார்த்தவை.
குங்குமம் உதிர்ந்த இடத்தில்
தேய்ந்த இங்கிலீஷ் எழுத்து இரண்டு.
முனையில் எலுமிச்சம்பழம்.
அன்றைக்கு ஆளை வெளியே நிறுத்தியது,
இன்றைக்குப் பேயை.
வேலை மாறவில்லை.

பழம் குத்த வந்தவள் என் டேப்பைப் பார்த்தாள்.
"சாமியையும் அளக்கணுமா?"
கேட்டது தெலுங்கில்.
நான் பதில் சொன்னது எந்த மொழியிலும் இல்லை.

'குறைவுக்குக் காரணம்' என்ற கட்டத்தில்
துரு என்று எழுதினேன்.
துரு தின்றதென்றால்
மேலே யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஐந்தரைக்குச் சாவி வந்தது.
திறந்தேன். கீல் கத்தியது, கௌரம்மா திரும்பிப் பார்த்தாள்.
அந்த வழியாகவே வெளியே வந்து
பூட்டினேன்.
ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.